அந்த ஆஸ்பத்திரியில் நமக்கிருந்த பங்கு

கண்ணு,

முறுக்கு நொறுங்காமல் வந்து சேர்ந்ததா? டெல்லியில் குளிர் ஆரம்பித்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். மாமா கொடுத்த கம்பளியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதே, எடுத்துப் போர்த்திக்கொள். நான் வழக்கமாக எழுதுகிற கார்டு மாதிரி நாலு வரியில் முடிகிற கடிதம் இல்லை இது. ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் பிரித்திருந்தால் மடித்து வைத்துவிட்டுப் போ. சாவகாசமாக உட்கார்ந்து படி.

நீ புறப்பட்ட அன்று அப்பா ரயிலடிக்கு வரவில்லை. ரயில் நகர்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் இந்த வேலைக்குப் போறது அப்பாவுக்குப் பிடிக்கலீங்களாம்மா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. என்னால் கையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. உன் முகம் இருந்த இருப்பை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் இருந்திருந்தால் வண்டி கூடவே ஓடியாவது சொல்லியிருப்பேன். அது ஒரு வார்த்தையில் அடங்காது.

நீ வீட்டுக்கு வந்து வேலை கிடைத்ததைச் சொன்ன நாளை நினைத்துப் பார். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாட்டில் இருக்கிற ரோடு, பாலம், அணைக்கட்டு, பள்ளிக்கூடம், அப்புறம் ஜனங்களுடைய வீடு, காடு தோட்டம், கிணறு, மாடு, மிஷின் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு, இந்த நாட்டின் மொத்தச் சொத்து என்ன என்று கணக்கிடுகிற ஆபீஸ் என்று விளக்கினாய். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து உதாரணமும் சொன்னாய். "இப்ப ஒரு ஆஸ்பத்திரி இருக்குதுன்னு வெச்சுக்கோங்கம்மா. கட்டறதுக்கு என்ன செலவாச்சு, உள்ள என்ன சாமான் இருக்குது, இத்தனை வருஷத்துல எவ்வளவு தேய்மானம், அதையெல்லாம் பார்த்து இன்னைக்கு அதுக்கு என்ன மதிப்புன்னு போடுவோம்." அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். மிஷின் ஓடுகிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நீ என்னைப் பார்த்தாய், நான் தட்டைப் பார்த்தேன். அன்றைக்கே உன்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது எனக்கு நா எழவில்லை.

உனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். தெய்வானை என்று பெயர் என்பதும் தெரியும். காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீயும் அதற்கு மேல் கேட்டதில்லை. நம் வீட்டில் அவள் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதைப் பேச்சு வருவதற்கு முன்பே நீ கற்றுக்கொண்டாய். வெள்ளிக்கிழமை முருகனுக்கு விளக்கு வைக்கும்போது நான் மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். இப்போது சொல்லப்போவது அவளைப் பற்றித்தான். நீ போயிருக்கிற வேலையைப் பற்றியும்தான். இரண்டும் நம் வீட்டில் ஒரே கதை.

நாங்கள் அப்போதுதான் வீரபாண்டியில் குடியேறியிருந்தோம். சுற்றிலும் சோளக்காடு, நடுவில் ஒரு வரிசை வீடு. அப்பா கைத்தறியை விட்டுவிட்டு, கையால் சுற்றுகிற பழைய பின்னல் மிஷின் ஒன்றை வாங்கி முன்னறையில் போட்டிருந்தார். பனியன் துணி பின்னி, சைக்கிளில் கட்டி, திருப்பூர் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு மாடு, என் கழுத்தில் காதில் கொஞ்சம் நகை. இவ்வளவுதான் நாங்கள். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. உன் அப்பாவுக்கு அது நேற்று வந்த மாதிரி. பேப்பரில் எங்கேயோ அணை கட்டுகிறார்கள் என்று படித்தால் தன் வீட்டுக்குத் திண்ணை வைத்துக் கட்டுவதைப் போலப் பேசுவார். "நம்ம அணை" என்பார். அதை அவர் பார்த்ததுகூடக் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரி கட்டினார்கள். பாதிப் பணம் சர்க்கார், மீதிக்கு ஜனங்கள் உழைப்பும் கல்லும் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பணம் இருந்தவர்கள் பணம் கொடுத்தார்கள். உன் அப்பா தோளைக் கொடுத்தார். மிஷினை நிறுத்திவிட்டு, வண்டியில் வந்த கல்லை இறக்கினார், சுமந்தார், அஸ்திவாரக் குழியில் நின்றார். தோளில் தோல் வழன்று, நான் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். "கூலியும் இல்லாம இப்படி உடம்பைக் கெடுத்துக்கறீங்களே" என்று சத்தம் போட்டேன். "ஏ புள்ள, நாளைக்கு நம்ம பாப்பாவுக்கு ஒண்ணுன்னா கோயமுத்தூருக்கா தூக்கிட்டு ஓடறது? இது நம்ம ஆஸ்பத்திரியாக்கும்" என்றார். திறப்பு விழா அன்று தெய்வானையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு போனார். எந்தச் சுவரில் எந்தக் கல் தான் வைத்தது என்று அவளுக்குக் காட்டினாராம். அவள் வீட்டுக்கு வந்து, "அம்மா, அப்பா ஒரு பெரிய ஊடு கட்டியிருக்கறாரு" என்றாள்.

அதற்கப்புறம்தான் சொத்துக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். அதிகாரி என்றால் மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சுடலைமுத்து என்று பெயர். நாடு முழுக்கச் சில வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அந்த வீட்டுக்காரர்களுக்கு என்னென்ன இருக்கிறது என்று கேட்டு எழுதி, ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வந்து அதே கேள்விகளைக் கேட்பார்களாம். எங்கள் தெருவில் சில வீடுகள் அதில் அகப்பட்டன. தெருவே நடுங்கிப்போயிற்று. வரி போடத்தான் வந்திருக்கிறான் என்றார்கள். நகையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்கா தன் எருமையைக் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போய் ஒளிந்துகொண்டு, எருமை கத்தாமல் இருக்க அதன் வாயில் புல்லைத் திணித்துக்கொண்டே இருந்தாள். உன் அப்பா ஒருவர்தான் வாசலில் நின்று, "ஏனுங்க பயப்படறீங்கொ? நம்ம சர்க்கார் நம்மகிட்ட என்ன இருக்குதுன்னு கேக்குது. இல்லாததைப் பத்தி அவுங்க தெரிஞ்சுக்க வேண்டாமுங்களா? உள்ளதைச் சொல்லுங்கொ" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பொன்னம்மா அக்காவை எருமையோடு கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

எங்கள் வீட்டில் சுடலைமுத்து பாயில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். வீடு, மாடு, மிஷின், நகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே, "தம்பி, ஒண்ணை உட்டுட்டீங்க. அந்த ஆஸ்பத்திரியில என்ற பங்கும் இருக்குதுங்க. அதையும் எழுதிக்கோங்க" என்றார். சுடலைமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அது பொதுச் சொத்துல்லா அண்ணாச்சி. அதுக்கு வேற ஆள் வந்து வேற கணக்கு எடுப்பாக. கடைசியில எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துருவாக, கவலைப்படாதிய" என்றார். தெய்வானை அதுவரைக்கும் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடிப்போய்த் தன் சாமான்களை மடியில் கட்டிக்கொண்டு வந்து பாயில் கொட்டினாள். மரப்பாச்சி, உடைந்த கண்ணாடி வளையல், மிஷினிலிருந்து விழுந்த ஊசிகள், ஒரு சின்ன முடிச்சுப் புளியங்கொட்டை. "மாமா, என்றதையும் எழுதுங்க" என்றாள். அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து விலை கேட்டார். அவளும் யோசித்து யோசித்துச் சொன்னாள். மரப்பாச்சியை மட்டும் "இது குடுக்கறதுக்கில்லீங்" என்று பிடுங்கிக்கொண்டாள். போகும்போது, "அடுத்த தடவை வரும்போது எங்க ஊர்ல இருந்து உனக்கு என்னட்டி கொண்டுட்டு வர?" என்று கேட்டார். "பெருசா ஒண்ணு" என்றாள். அப்படியென்றால் என்ன என்று அவளுக்கும் தெரியாது.

மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை வலித்தது. காய்ச்சலும் வந்தது. கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கழுத்து வீங்கி, மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் கேட்டது. அப்பா அவளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். நம் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் மாற்றலாகிப் போயிருந்ததால் பஸ்ஸில் பல்லடம் போனோம். அங்கே ஒரு டாக்டர் அவள் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, தொண்டை அடைப்பான் என்றார். "இதுக்கு ஒரு ஊசி இருக்குது. என்றகிட்ட இல்லீங்க. உங்க பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்குதுன்னு கேள்விப்பட்டேன். இங்க நின்னு பேசீட்டிருக்காதீங்க, ஓடுங்க" என்றார். காசு கூட வாங்கவில்லை. அப்போது உன் அப்பா முகத்தில் பயம் இல்லை, கண்ணு. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். "நம்ம ஆஸ்பத்திரிதான், நம்ம ஆஸ்பத்திரிதான்" என்று பஸ்ஸில் வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு விடுமுறை நாள். புது டாக்டரும் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு நர்சம்மாவும் கம்பவுண்டரும் மட்டும் இருந்தார்கள். நர்சம்மா குழந்தையைப் பார்த்ததும் அழுதுவிட்டார். மருந்து இருக்கிறது, மண்ணெண்ணெயில் ஓடுகிற ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறது, அந்தப் பெட்டி சாமான் அறைக்குள் இருக்கிறது, அறை பூட்டியிருக்கிறது என்றார்கள். சாவி வைத்திருந்தவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தாராபுரம் போயிருந்தார். அவர் திரும்பி வருகிற பஸ்ஸுக்கு வேளையாகிவிட்டது என்று கம்பவுண்டர் ஒரு ஆளைச் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டினார்.

கட்டடத்துக்குப் பக்கத்தில் சுற்றுச்சுவர் வேலை பாதியில் நின்றிருந்தது. அப்பா அங்கே கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். கம்பவுண்டர் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். "வேண்டாமுங்க. சர்க்கார் சொத்துங்க. பூட்டை உடைச்சா என்ற வேலை போயிருமுங்க, உங்களைக் கொண்டுபோயி ஸ்டேசன்ல வெச்சிருவாங்க. அப்புறம் புள்ளையை ஆருங்க பார்ப்பாங்க? சாவிக்கு ஆளு போயிருக்குதுங்க, இப்ப வந்துருமுங்க" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தேன். "உடைங்க! ஏனுங்க பார்த்துட்டு நிக்கறீங்க, உடைங்க!" என்று கத்தினேன். உன் அப்பா கம்பவுண்டரை ஒதுக்கிவிட்டு, கடப்பாரை நுனியைப் பூட்டுக்குள் கொடுத்தார். கொடுத்துவிட்டு நின்றார். அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடப்பாரையை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "இப்ப வந்துருமுங்கறாங்க" என்று என்னிடம் சொன்னார்.

சாவி வந்தது. கதவைத் திறந்தார்கள். மருந்து அங்கேதான் இருந்தது. சின்னச் சின்னக் குப்பிகள், வரிசையாக, சில்லென்று. நர்சம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வந்து, என் மடியைப் பார்த்துவிட்டு, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதப் போவதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வேறு ஒன்றை எழுத வேண்டும். நான் உன் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். சோறு போடுவேன், துணி துவைத்துப் போடுவேன், வாயைத் திறக்க மாட்டேன். அவரும் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் மிஷினைச் சுற்றினார். அந்தச் சத்தம் நிற்கவே கூடாது என்பது போலச் சுற்றினார். டவுனுக்குப் போக ஆஸ்பத்திரி வழியாகப் போகிற ரோடு நேர் ரோடு. அதில் போவதை விட்டுவிட்டார். துணி மூட்டையோடு காட்டு வழியில் சுற்றிக்கொண்டு போய் வந்தார். நீ சின்னப் பையனாக அவர் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போகும்போது, "ஏனுங்கப்பா இப்படிச் சுத்திப் போறோம்?" என்று கேட்பாய். "இந்த வழியில நெழல் இருக்குது கண்ணு" என்பார். அந்த வழியில் நிழல் கிடையாது. உனக்கும் அது தெரியும்.

வருஷம் திரும்பியதும் சுடலைமுத்து வந்தார். நான் முன்னறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் கையில் மூடி போட்ட பெரிய பனையோலைப் பெட்டி, மினுமினுவென்று சாயம் போட்டது. வாசலிலிருந்தே, "பாப்பா! கணக்கு மாமா வந்திருக்கேன். பெருசா ஒண்ணு கொண்டாந்திருக்கேன், ஓடியா!" என்று கூப்பிட்டார். அப்பா மிஷினை நிறுத்தினார். "பாப்பா இல்லீங்க தம்பி" என்றார். "ஆச்சி வீட்டுக்குப் போயிருக்காளோ?" என்று கேட்டார் அவர், சிரித்த முகம் மாறாமல். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்பா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையன் விம்முகிற சத்தம்தான் கேட்டது.

அவர் கிளம்பிவிடப் பார்த்தார். "நான் போறேன் அண்ணாச்சி. வீடு பூட்டிக் கிடந்துச்சுன்னு எழுதிக்கிடுதேன்" என்றார். அப்பா விடவில்லை. "வேண்டாமுங்க. நாங்க இருக்கறமுங்கல்ல, பொய் எழுதாதீங்க. வந்த வேலையைப் பாருங்க" என்று பாயை விரித்துப் போட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வீட்டைக் கேட்டார். அந்த வருஷம் எங்கள் தெருவுக்குத் தார் ரோடு வந்திருந்தது, மனை விலை ஏறியிருந்தது. மிஷினைக் கேட்டார். மோட்டார் வைத்த மிஷின் ஒன்று புதிதாக வாங்கிப் போட்டிருந்தோம், உன் அப்பா அப்படி உழைத்திருந்தார். மாட்டைக் கேட்டார். கன்று போட்டிருந்தது. நகை என்று வந்தபோது, "போன தடவை சொன்னதுதானுங்க. அதுல பாப்பாவோட கொலுசையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். அது அப்படியே இருக்குதுங்க" என்றார் அப்பா. எழுதி முடித்தார்கள். பிறகு உன் அப்பாதான் கேட்டார்.

"கூட்டிப் பார்த்தா என்னங்க ஆச்சு?"

"விடுங்க அண்ணாச்சி."

"சொல்லுங்க தம்பி."

"போன வருஷத்தைவிடக் கூடியிருக்கு அண்ணாச்சி" என்றார் அந்தப் பையன்.

"அப்படீங்களா" என்றார் அப்பா. அப்புறம், "அந்த ஆஸ்பத்திரியை எடுத்தாச்சுங்களா கணக்குல?"

"எடுத்திருப்பாக. கட்டடம், கட்டில், சாமான், எல்லாத்துக்கும் போட்டிருப்பாக."

"உள்ள இருக்கற மருந்து?"

"இருப்புல இருந்தா அதுவும் சேர்த்திதான்."

"அன்னைக்கு இருப்புல இருந்துச்சுங்க" என்றார் உன் அப்பா.

மறுபடியும் அவர் குரல்தான் கேட்டது. சுடலைமுத்துவிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியாது. "வாயில மட்டும் நம்ம ஆஸ்பத்திரி, நம்ம ஆஸ்பத்திரின்னு சொல்லீட்டே திரிஞ்சிருக்கறேனுங்க. நெசமாலுமே என்றதுன்னு நெனச்சிருந்தா அந்தக் கதவை ஒரே இடியில பேத்திருப்பேன். என்ற ஊட்டுக் கதவை நான் உடைச்சா ஆரு கேக்கப் போறாங்க? சர்க்கார் சொத்துன்னு அவன் சொன்னதும் கை நின்னு போச்சுங்க. நானே கல்லு சுமந்து கட்டுனது. என்னால அதை உடைக்க முடியலீங்க."

அடுப்படியில் நின்றிருந்த எனக்கு அன்றைக்குத்தான் அவர் மேல் இருந்த கோபம் விட்டது. முழுக்க விட்டது என்று சொல்ல மாட்டேன், நீ பிறந்த பிறகும்கூடச் சில நாள் அது தலை காட்டியது. ஆனால் அவர் பயந்துகொண்டு நிற்கவில்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. போலீசுக்குப் பயந்து நின்றார் என்று நான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மரியாதையில் நின்றிருக்கிறார். இந்த நாட்டின் மேல் அவ்வளவு மரியாதை வைத்திருந்த மனுஷர் அவர். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், "இந்தாங்க, குடிங்க" என்று கொடுத்தேன். அத்தனை மாதத்துக்கப்புறம் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. சொம்பை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். குடிக்கவில்லை. சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டு, பெட்டியைத் தூணோரம் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். அதற்கப்புறம் அவர் எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை. நல்ல பிள்ளை. இப்போது அவருக்கும் குழந்தைகள் இருக்கும்.

இதையெல்லாம் எழுதி உன் வேலையை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, சாமி. தனக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு நாடு தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். உன் அப்பா தெருத்தெருவாகப் போய்ச் சொன்னது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. உன்னைப் படிக்க வைத்ததும், கணக்கில் நீ கெட்டிக்காரன் என்று வாத்தியார் சொன்னபோது இரண்டாவது மிஷினை விற்றுக் காலேஜில் சேர்த்ததும் அவர்தான். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள், தேய்மானம் என்றால் என்ன என்று நீ சொல்லித்தான் தெரியும். ஒரு கட்டடத்துக்கு மதிப்புப் போடும்போது அதன் கதவு வேண்டிய நேரத்தில் திறந்ததா என்று கேட்பதற்கு உங்கள் கணக்கில் இடம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் உன் மேலதிகாரியிடம் ஒரு முறை கேட்டுப் பார். அவர் சிரித்தாலும் பரவாயில்லை. எப்போதாவது நீயே ஜனங்களின் வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டி வந்தால், வாசலில் நின்றுகொண்டே கேட்காதே. உள்ளே போய் உட்கார், கொடுக்கிற மோரை வாங்கிக் குடி. இரண்டாம் தடவை ஒரு வீட்டுக்குப் போனால், மாடு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் எல்லோரும் சௌக்கியமா என்று கேள். அந்தப் பையனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, பாவம், சந்தோஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்துவிட்டான்.

நீ போன அன்று நான் ரயிலடியிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் மிஷின் ஓடவில்லை. சைக்கிளையும் காணோம். சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். சைக்கிளை நிறுத்தக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே வாசலில் நின்றார். "ரயிலுக்குத்தான் கெளம்புனேன்" என்றார். "நேரமாயிப் போச்சு, நேர் ரோட்டுல போனாத்தான் பையனைப் பார்க்க முடியும்னு அதுல திரும்பீட்டேன்." சைக்கிளை அவர் கையிலிருந்து வாங்கிச் சாத்தி வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் வந்ததும் காலை ஊன்றி நின்றுவிட்டாராம். உள்ளே போயிருக்கிறார். யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. அந்த அறையைத் தேடிக்கொண்டு பின்பக்கம் நடந்திருக்கிறார். "அந்த ரூமே இல்லை புள்ள" என்றார். "எடுத்துப்போட்டுட்டு அந்தப் பக்கமாப் பெருசாக் கட்டியிருக்கறாங்க. அந்த எடத்துல சைக்கிளு நிறுத்தி வெச்சிருக்கறாங்க. கதவு இல்லை, செவுரு இல்லை, ஒண்ணுமே இல்லை. நான் பாட்டுக்கு நின்னுட்டிருக்கறேன், ஒருத்தன் வந்து, பெரியவரே கொஞ்சம் நகருங்க, வண்டியை எடுக்கோணும்ங்கறான்." அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தார். அன்று அவள் போனபோது உன் அப்பா அழவில்லை, கண்ணு. அவளைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தபோதும் அழவில்லை. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. தெய்வானை, தெய்வானை என்று பெயரைச் சொல்லிச் சொல்லி, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி அழுதார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பொன்னம்மா அக்கா ஓடி வந்து என்ன என்று கேட்டாள். யாருக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

நேற்றுச் சாப்பிடும்போது, "பையன் கடுதாசி போட்டானா?" என்று கேட்டார். நான் இதை எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். எழுதாதே என்று சொல்லவில்லை. "அவளைப் பத்தி எழுதறதா இருந்தா, சிரிச்சா ஒரு பக்கம் கன்னத்துல குழி விழும்னு எழுது. அவனுக்கு அது தெரியாது" என்றார். எழுதிவிட்டேன். இடது கன்னத்தில். பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. வந்து அவரிடமே கேள், அக்கா எப்படி இருப்பாள் என்று. மெதுவாகத்தான் சொல்லுவார், நடுவில் நின்றுபோனாலும் எழுந்து போய்விடாதே.

அம்மா